பல்கலைக்கழக உள்மானியமும் பல்துறைக் கூட்டாய்வும்: தமிழாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கும் நம்மில் பலருக்கு இந்த அழைப்பு பழக்கமானதுதான். “டீச்சர், உங்க படிவம் 4 மாணவர்கள்கிட்ட ஒரு வினாநிரல் கொடுக்கலாமா? இருபது நிமிஷம் போதும்.” நாமும் சரி என்போம். தாள்கள் போகும், நன்றிக் கடிதம் வரும். அந்த ஆய்வில் என்ன தெரியவந்தது, நம் மாணவர்களுக்கு அதனால் என்ன பயன் என்பது பெரும்பாலும் நம் காதுக்கு வராது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேள்வியை வேறொருவர் எழுதினால் பதிலும் அவருக்குத்தான் போய்ச் சேரும். அதுதான் நடைமுறை.

கேள்வியை நாமே கொண்டுபோனால் என்ன? வகுப்பறையில் தினமும் பார்க்கும் ஒரு சிக்கலை ஒரு விரிவுரையாளரிடம் கொண்டுசென்று, அவர் மூலமாகப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா? முடியும். அதிலும் ‘பல்துறைக் கூட்டாய்வு’ என்ற பிரிவில் ஆசிரியரின் அனுபவத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. அந்த விண்ணப்பம் எப்படி அமைகிறது, எதைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள், நாம் எந்த இடத்தில் சேரலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பகுதிநேரமாக முதுகலை படிக்கும் ஆசிரியர்களுக்கும் இடுபணி எழுதும் மாணவர்களுக்கும் இதில் சில குறிப்புகள் உண்டு.

உள்மானியம் என்றால் என்ன?

மலேசியாவில் ஆய்வுக்கான பணம் பல வழிகளில் வருகிறது. உயர்கல்வி அமைச்சு தரும் தேசிய மானியங்கள் ஒரு வகை. எஃப்ஆர்ஜிஎஸ் எனப்படும் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம் அவற்றுள் பலருக்கும் தெரிந்தது. நாடு முழுவதிலுமிருந்து விரிவுரையாளர்கள் போட்டியிடுவதால் அது கிடைப்பது எளிதல்ல. தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டு அமைப்புகளும் தரும் மானியங்கள் இன்னொரு வகை.

உள்மானியம் என்பது ஒரு பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து தன் விரிவுரையாளர்களுக்கே ஒதுக்கும் பணம். தொகை சிறியது, காலமும் குறைவு. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிர்வாக மையம் அழைப்பு விடுக்கும். விண்ணப்பம் முதலில் புலத்தில் சரிபார்க்கப்படும், பிறகு மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதிகள் மாறும் என்பதால், ஒவ்வோர் அழைப்போடும் வரும் வழிகாட்டியைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட வேண்டும்.

சிறு தொகைதானே என்று நினைக்க வேண்டாம். உள்மானியத்தை விதைநெல் என்று சொல்லலாம். அதை வைத்து ஒரு முன்னோடி ஆய்வு செய்து, கொஞ்சம் தரவும் ஒன்றிரண்டு முடிவுகளும் கையில் இருந்தால், அடுத்து தேசிய மானியத்துக்குப் போகும்போது ‘இது நடக்கும்’ என்று காட்ட முடியும். பல்கலைக்கழகம் பணம் ஒதுக்குவதும் பெரும்பாலும் இந்த எதிர்பார்ப்பில்தான். ஆகவே, ‘இந்த ஆய்வு முடிந்ததும் எங்கே போகும்?’ என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

‘பல்துறை’ என்றால் பெயர்ப் பட்டியல் அல்ல

கூட்டாய்வு விண்ணப்பங்கள் பலவற்றில் ஒரு பொதுவான பலவீனம் உண்டு. ஒருவர் தனியாக ஆய்வை எழுதி முடித்துவிட்டு, பிரிவின் நிபந்தனைக்காக வேறு புலத்திலிருந்து இரண்டு நண்பர்களின் பெயரைச் சேர்ப்பார். படிவத்தில் மூன்று புலங்கள் இருக்கும், வேலையில் ஒரே புலம்தான் இருக்கும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

மூன்று சொற்களை இங்கே பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒரே பொருளைப் பல துறைகள் தனித்தனியாக ஆராய்ந்து, கடைசியில் அறிக்கைகளை ஒன்றாகத் தைத்தால் அது பல துறைகளின் தொகுப்பு. ஒரு துறையின் முடிவு இன்னொரு துறையின் வேலைக்குள் போய் அதை மாற்றினால் அது துறையிடை ஆய்வு. துறை எல்லையைக் கடந்து பயனாளர்களும் சமூகமும் ஆய்வை வடிவமைப்பதில் பங்கேற்றால் அது துறைகடந்த ஆய்வு. தமிழில் நாம் மூன்றையும் ‘பல்துறை’ என்றே சொல்லிவிடுகிறோம். விண்ணப்ப அழைப்பு எதைக் கேட்கிறது என்று கவனித்து எழுத வேண்டும். பெரும்பாலும் கேட்கப்படுவது இரண்டாவது வகை.

நமக்கு அருகிலேயே இதற்கு நல்ல முன்னோடி உண்டு. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்த டான் டின் வீயுடனும் அவருடைய குழுவினருடனும் இணைந்து உழைத்தார். அதன் பயனாக 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பில் தமிழ் எழுத்து இடம்பெற்றது. இணையம் அறிந்தவருக்குத் தமிழ் எழுத்தின் அமைப்பு தெரியாது. தமிழ் அறிந்தவருக்குத் தனியாக இணையத்தைக் கட்டியெழுப்ப முடியாது. இருவரும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலை. அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது, 2000இல் உத்தமம் அமைப்பு உருவானது. துறைகள் ஒன்றையொன்று தேவைப்படும்போதுதான் கூட்டாய்வு உயிரோடு இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: ‘நான் போகும் வலி’

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். ஒரு மாணவர் கட்டுரையில் ‘நான் பள்ளிக்குப் போகும் வலி’ என்று எழுதுகிறார். அவர் எழுத நினைத்தது ‘வழி’. நமக்குப் படித்தவுடனே தெரிந்துவிடும். ஆனால் சாதாரண எழுத்துப்பிழைத் திருத்தியில் இதைப் போட்டால் அது பேசாமல் விட்டுவிடும். ஏனென்றால் வலி, வளி, வழி மூன்றும் அகராதியில் உள்ள சொற்கள். மலை–மழை, அலகு–அழகு, அரம்–அறம், மனம்–மணம் எல்லாம் இதே வகைதான். ‘வாழ்கை’ என்று எழுதினால் சொல்லே தவறு, அதைப் பிடிப்பது எளிது. ‘மலை பெய்தது’ என்பதில் சொல் சரி, இடம்தான் தவறு. அதைப் பிடிக்கச் சூழலைப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து மூன்று கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, நம் மாணவர்கள் எந்த எழுத்துகளை, எந்தச் சொற்களில், எவ்வளவு அடிக்கடி மாற்றி எழுதுகிறார்கள்? இது தமிழ் மொழிக் கல்வியின் கேள்வி.

இரண்டாவது, அப்படி எழுதும் மாணவர் பேசும்போதும் அந்த ஒலிகளை வேறுபடுத்துவதில்லையா? அல்லது வாயில் சரியாக வந்து கையில் தவறுகிறதா? இது ஒலியியலின் கேள்வி.

மூன்றாவது, சொல்லாகவே நிற்கும் இந்தப் பிழைகளைச் சூழலை வைத்துக் கணினி கண்டுபிடிக்க முடியுமா? இது கணினி அறிவியலின் கேள்வி.

இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. கணினிப் புலத்தில் உள்ளவருக்கு மாணவரின் உண்மையான பிழைகள் வேண்டும். நாளிதழ்க் கட்டுரைகளை மட்டும் வைத்துப் பழக்கிய கருவிக்குப் படிவம் 4 மாணவர் எப்படித் தவறுவார் என்று தெரியாது. ஒலியியல் முடிவு வந்தால்தான் பிழையைக் காட்டுவதோடு நிறுத்தலாமா, உச்சரிப்புப் பயிற்சியும் தர வேண்டுமா என்று முடிவு செய்யலாம். ஆசிரியருக்கு இந்த மூன்றின் பலனும் வேண்டும். இப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் விண்ணப்பத்தில் பாதி எழுதி முடித்த மாதிரிதான்.

மறைத்துப் பார்க்கும் சோதனை

விண்ணப்பத்தை அனுப்புமுன் ஓர் எளிய சோதனை செய்யலாம். உறுப்பினர்களின் பணிப் பட்டியலில் ஒருவருடைய வரியை விரலால் மறைத்துக்கொண்டு, மீதியைப் படியுங்கள். ஆய்வு அப்படியே நடக்கும் என்றால் அந்த நபர் தேவையில்லை, அல்லது அவருக்கு உண்மையான வேலை இன்னும் தரப்படவில்லை. ஆய்வு நொண்டினால் அந்த நபர் தேவை.

மேற்சொன்ன எடுத்துக்காட்டில் கணினியாளரை மறைத்தால் பிழைப் பட்டியல் மட்டும் மிஞ்சும், கருவி இராது. ஒலியியலாளரை மறைத்தால் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் இராது. ஆசிரியரை மறைத்தால் கட்டுரைகளும் இரா, எது பிழை என்று முடிவு செய்ய ஆளும் இராது. இப்படி நின்றால் மதிப்பீட்டாளருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படிவத்தில் என்னென்ன கேட்பார்கள்?

பெயர்கள் மாறினாலும் பகுதிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: தலைப்பு, உறுப்பினர் விவரம், சுருக்கம், ஆய்வுச் சிக்கல், ஆய்வு வினாக்கள், நோக்கங்கள், முன்னாய்வுகள், ஆய்வு முறை, கால அட்டவணை, எதிர்பார்க்கும் விளைவுகள், வரவுசெலவு. இவற்றில் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் நான்கை மட்டும் பார்ப்போம்.

ஆய்வுச் சிக்கல்: ‘மாணவர்களின் தமிழ்மொழித் தரம் குறைந்து வருகிறது’ என்று தொடங்குவதைத் தவிர்க்கவும். அது பெரிய புலம்பல், அளக்க முடியாதது. ‘படிவம் 4 மாணவர்கள் ல, ள, ழ வேறுபாட்டில் செய்யும் பிழைகளுள் ஒரு பகுதி வேறொரு சரியான சொல்லாக அமைந்துவிடுகிறது. அகராதியை மட்டும் நம்பும் திருத்திகள் அவற்றைக் காட்டா’ என்று எழுதினால் அது சிக்கல். எல்லை தெரிகிறது, தீர்வின் திசையும் தெரிகிறது.

நோக்கங்கள்: மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் செய்து முடித்தோமா இல்லையா என்று சொல்லக்கூடியதாக இருக்கட்டும். ‘விழிப்புணர்வை ஏற்படுத்துதல்’ என்பதை எப்படி அளப்பது? ‘600 கட்டுரைகளில் உள்ள பிழைகளை வகைப்படுத்துதல்’ என்றால் அளக்கலாம்.

ஆய்வு முறை: எத்தனை பள்ளி, எத்தனை மாணவர், என்ன கருவி என்று எண்களோடு எழுத வேண்டும். 6 பள்ளிகள், பள்ளிக்கு 50 மாணவர்கள், ஒருவருக்கு 2 கட்டுரைகள் என்றால் மொத்தம் 600 கட்டுரைகள். அவர்களில் பள்ளிக்கு 10 பேர் வீதம் 60 பேரிடம் சொற்பட்டியல் ஒன்றை வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்யலாம். பிழைகளை ஒருவர் மட்டும் குறித்தால் போதாது. இரண்டு ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கலக்காமல் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ‘பழத்தை தின்றான்’ என்பதை ஒருவர் சந்திப் பிழை என்பார், இன்னொருவர் கவனக்குறைவு என்று விட்டுவிடுவார். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்க, 1960இல் ஜேக்கப் கோகன் வெளியிட்ட காப்பா என்ற அளவை உதவும். தற்செயலாக ஒத்துப்போவதற்கான வாய்ப்பைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்வதால் வெறும் விழுக்காட்டைவிட அது நம்பகமானது. இந்த ஒரு வாக்கியம் இருந்தாலே முறையியல் தெரிந்த மதிப்பீட்டாளருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

கால அட்டவணை: கேன்ட் அட்டவணை என்று கேட்பார்கள். மாதங்கள் மேலே, பணிகள் இடப்பக்கம், எந்தப் பணி எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது கோடுகளாக. இங்கே விரிவுரையாளருக்குத் தெரியாமல் போகக்கூடிய ஒன்றை நாம் சொல்ல வேண்டும்: பள்ளி நாட்காட்டி. பள்ளித் தேர்வு வாரம், விடுமுறை, விளையாட்டுப் போட்டி எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் தரவு திரட்டக் கிடைக்கும் வாரங்கள் மிகக் குறைவு. 12 மாத ஆய்வில் முதல் 3 மாதம் அனுமதிகளுக்கு, 4, 5ஆம் மாதங்கள் தரவுக்கு, 5 முதல் 8 வரை தட்டச்சுக்கும் பிழை குறிப்பதற்கும், 8 முதல் 10 வரை கணினிப் பணிக்கு, 11இல் ஆசிரியர் பட்டறை, 12இல் அறிக்கை என்று போட்டால் ஓரளவு நடக்கும்.

தமிழ் தெரியாதவர் படிக்கப்போகிறார்

இதை மறந்துவிடக் கூடாது. விண்ணப்பம் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படும். மதிப்பீட்டுக் குழுவில் தமிழ் எழுத்து தெரிந்த ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். ‘ழகரத்தின் சிறப்பு’ என்று நாம் உணர்ச்சியோடு எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது.

அவருக்குத் தெரிந்த மொழியிலிருந்தே ஓர் ஒப்புமை கொடுங்கள். மலாயில் ‘கெலாப்பா’ என்றால் தேங்காய், ‘கெப்பாலா’ என்றால் தலை. ஒருவர் தலைவலி என்று எழுத நினைத்துத் தேங்காயை எழுதிவிட்டால் திருத்திக்குத் தெரியாது, ஏனென்றால் இரண்டும் சரியான சொற்கள். ‘எங்கள் மாணவர்களுக்கு நடப்பதும் இதுதான், ஆனால் இங்கே காரணம் மூன்று ஒலிகளின் நெருக்கம்’ என்று இரண்டு வரி எழுதினால் மதிப்பீட்டாளர் நம் பக்கம் வந்துவிடுவார். தமிழ் எடுத்துக்காட்டுகளை ஒலிபெயர்த்து, பொருளும் சேர்த்துக் கொடுக்கவும்.

தமிழ்ச் சமூகத்துக்கு மட்டும் பயன் என்று நிறுத்தாமல், வேறு யாருக்குப் பயன்படும் என்றும் சொல்லலாம். நெருங்கிய ஒலிகளால் பிழை ஏற்படும் எந்த மொழிக்கும் இந்த முறை பொருந்தும். இது தமிழை விட்டுக்கொடுப்பது ஆகாது, நம் சிக்கலைப் பிறருக்குப் புரியவைப்பது.

வரவுசெலவு: ‘வோட்’ எண்கள்

மலேசிய ஆய்வு மானியங்களில் செலவுகளை ‘வோட்’ என்ற தலைப்பு எண்களின் கீழ்ப் பிரிப்பார்கள். பொதுவாகப் பயன்படுபவை இவை: வோட் 11000 ஆய்வு உதவியாளருக்கான சம்பளமும் ஊதியமும், வோட் 21000 பயணம், வோட் 24000 வாடகை, வோட் 27000 ஆய்வுப் பொருள்கள், வோட் 28000 சிறு பழுதுபார்ப்பு, வோட் 29000 தொழில்முறைச் சேவைகளும் பிற சேவைகளும், வோட் 35000 சிறப்புக் கருவிகள். எல்லாத் தலைப்புகளையும் நிரப்ப வேண்டிய கட்டாயமில்லை. சில உள்மானியங்களில் கருவி வாங்க அனுமதியே இராது.

20,000 ரிங்கிட் உச்சவரம்புள்ள மானியம் என்று வைத்துக்கொண்டு நம் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இது ஒரு மாதிரிக் கணக்குதான்.

வோட் 11000: பகுதிநேர ஆய்வு உதவியாளர், மாதம் 1,000 ரிங்கிட், 6 மாதம் – 6,000
வோட் 21000: 6 பள்ளி, 2 பயணம், பயணத்துக்கு 150 – 1,800
வோட் 27000: தாள், அச்சு, தரவு சேமிப்பு – 1,200
வோட் 29000: கட்டுரைத் தட்டச்சு, 600 x 5 – 3,000
வோட் 29000: பிழை குறிக்கும் இருவருக்கு, 600 x 2 x 3 – 3,600
வோட் 29000: ஆசிரியர் பட்டறை, 25 பேர், 2 நாள், நாளுக்கு ஒருவருக்கு 40 – 2,000
மொத்தம்: 17,600 ரிங்கிட்

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஏறக்குறைய எல்லா வரிகளிலும் பெருக்கல் தெரிகிறது. ‘இதர செலவு 5,000’ என்று எழுதினால் முதலில் வெட்டப்படுவது அதுதான். அடுத்து, பிழை குறிக்கும் ஆசிரியரின் உழைப்புக்கு ஒரு வரி இருக்கிறது. பல விண்ணப்பங்களில் இந்த வரியே இருக்காது. “ஆசிரியர்கள் உதவி செய்வாங்க” என்று வாய்மொழியாக விட்டுவிடுவார்கள். 600 கட்டுரைகளைப் படித்துப் பிழை குறிப்பது சனிக்கிழமைகளைத் தின்னும் வேலை. அதற்கு விலை எழுதுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எழுதாவிட்டால் பாதியில் வேலை நின்றுபோகும், ஆய்வும் நின்றுபோகும்.

அரசாங்க ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு முக்கியக் குறிப்பு. 1993ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளின்படி, வெளிவேலை செய்து ஊதியம் பெறத் துறைத்தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. முன்கூட்டியே பள்ளி முதல்வரிடம் பேசி, கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிகள்: பின்னால் விட்டுவிடக்கூடாத வேலை

மாணவர்களை வைத்து ஆய்வு என்றால் பல கதவுகளைத் தட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு ஒன்று. கல்வி அமைச்சின் கல்விக் கொள்கைத் திட்டமிடல், ஆய்வுப் பிரிவு இன்னொன்று. நாம் இபிஆர்டி என்று சொல்வோமே, அதுதான். அதற்கு இ-ராஸ் என்ற இணைய முறையில் விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் மாநிலக் கல்வி இலாகா, பள்ளி முதல்வர். நம் மாணவர்கள் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்பதால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் மாணவரின் சம்மதமும் வேண்டும். எஸ்பிஎம் எழுதும் ஆண்டு மாணவர்களைத் தொடாமல் படிவம் 4 மாணவர்களோடு நிறுத்துவது நல்லது. தேர்வு நெருக்கடியில் அவர்களுக்கு இன்னொரு சுமை தேவையில்லை.

ஒப்புதல் படிவம் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நீண்ட ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்துக்குள் எழுதலாம். ஒலிப்பதிவு எங்கே வைக்கப்படும், யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும், வேண்டாம் என்றால் மதிப்பெண் பாதிக்கப்படுமா என்பதற்கெல்லாம் நேரடியாகப் பதில் இருக்கட்டும். வகுப்பாசிரியரே கேட்கும்போது மாணவருக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வராது. அதனால் ஒப்புதலை வேறொருவர் பெறுவது நியாயம்.

இன்னொன்று. ‘மறக்க முடியாத நாள்’ என்று தலைப்புக் கொடுத்தால் சில பிள்ளைகள் வீட்டுச் சண்டையை, அடியை, இழப்பை எழுதிவிடுவார்கள். பிழைகளை எண்ணும் உதவியாளர் அதைக் கடந்து போய்விடக் கூடாது. அப்படி ஒரு கட்டுரை வந்தால் யாரிடம் சொல்வது, பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று ஆய்வு முறையிலேயே எழுதிவைக்க வேண்டும். இதை நினைத்துப் பார்க்கக்கூடியவர் ஆசிரியர்தான். குழுவில் நாம் இருக்க வேண்டியதற்கு இதுவே போதுமான காரணம்.

நாம் எந்த வாசல் வழியாகச் சேரலாம்?

முதன்மை ஆய்வாளராக இருக்க அந்தப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளராக இருக்க வேண்டும். ஆகவே பள்ளி ஆசிரியர் தன் பெயரில் உள்மானியத்துக்கு விண்ணப்பிக்க இயலாது. ஆனால் மூன்று வாசல்கள் உண்டு.

பகுதிநேர முதுகலை அல்லது முனைவர் பட்ட மாணவராக இருந்தால் உங்கள் மேற்பார்வையாளரின் மானியத்துக்குள் உங்கள் ஆய்வு ஒரு பகுதியாகலாம். விதி அனுமதித்தால் வெளிக் கூட்டாளியாகப் பெயர் பதியலாம். இல்லையென்றால் தரவுக்கும் பிழை வகைப்பாட்டுக்கும் பொறுப்பான துறை அறிஞராக, மதிப்பூதியத்தோடு பணியாற்றலாம்.

எங்கே தேடுவது? மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் மொழி, மொழியியல் புலமும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பிரிவும் தமிழாசிரியர்களுக்குப் பழக்கமான இடங்கள். அங்குள்ள ஒரு விரிவுரையாளரிடம் தொடங்கினால், அவர் தம் வளாகத்திலேயே கணினி, உளவியல், ஒலியியல் துறையினரைக் கண்டுபிடிக்க உதவலாம்.

முதல் சந்திப்பிலேயே பேசவேண்டியவை

நட்பு கெடாமல் இருக்க, இவற்றை ஆரம்பத்திலேயே பேசி ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்வது நல்லது. தரவு யாரிடம் இருக்கும், மானியம் முடிந்த பிறகு அதை யார் பயன்படுத்தலாம்? கட்டுரை வெளியாகும்போது யார் யார் பெயர் வரும், எந்த வரிசையில்? பள்ளிக்குத் திரும்பி வருவது என்ன: ஒரு பட்டறையா, பயிற்சித்தாளா, கருவியா? ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை மணிநேரம் தரமுடியும்? யாராவது பாதியில் மாற்றலாகிப் போனால் யார் தொடர்வது?

“இதையெல்லாம் கேட்டா தப்பா நினைச்சுக்குவாங்களோ” என்று தயங்க வேண்டாம். நல்ல ஆய்வாளர் இக்கேள்விகளை வரவேற்பார். விண்ணப்பத்தின் ‘கூட்டுப்பணி நிர்வாகம்’ என்ற பகுதிக்கு இந்தப் பதில்களே உதவும்.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

தம்பி, தங்கைகளே, மானியம் உங்களுக்கு இப்போது தேவைப்படாது. ஆனால் இடுபணியோ ஆய்வுக் கட்டுரையோ எழுதும்போது இதே ஒழுங்கு உதவும். தலைப்பு என்பது பரப்பு. சிக்கல் என்பது அந்தப் பரப்பில் எங்கே இடிக்கிறது என்பது. வினா என்பது எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பது. நோக்கம் என்பது அதற்காக எதைச் செய்யப் போகிறோம் என்பது. இந்த நான்கையும் ஒரே வாக்கியத்தில் குழப்பாமல், நான்கு தனி வாக்கியங்களாக முதலில் எழுதிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு நோக்கத்துக்கும் நேரே, அதற்கான தரவு எங்கிருந்து வரும் என்று குறியுங்கள். நேரே ஒன்றும் எழுத முடியாத நோக்கத்தை அடித்துவிடுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

அழைப்பு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. பல அழைப்புகளுக்குச் சில வாரங்களே அவகாசம் இருக்கும். அதனால் இப்போதே மூன்று வேலைகளைச் செய்துவைக்கலாம். திருத்தும் நோட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழையையோ சிக்கலையோ, மாணவர் பெயர் குறிக்காமல், ஒரு தவணை முழுக்கக் குறித்துவாருங்கள். அது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தமிழைத் தவிர வேறு எந்தத் துறையின் உதவி தேவை என்று யோசியுங்கள். இரண்டையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, உங்களுக்குத் தெரிந்த ஒரு விரிவுரையாளருக்கு அனுப்புங்கள்.

அந்த ஒரு பக்கம் உடனே மானியம் ஆகாமல் போகலாம். முதல் முறை நிராகரிக்கப்பட்டால் மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கேள்விக்கு நாம் பதில் எழுதவில்லை என்று அவற்றில் தெரியும், அடுத்த சுற்றுக்குத் திருத்திக்கொள்ளலாம். நம் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம்தான். அந்த அறிவு நம் சிவப்பு மையோடு நின்றுவிடாமல் ஆய்வாக மாறி, கருவியாகவோ பயிற்சியாகவோ திரும்ப வகுப்புக்கே வரட்டும். முயன்று பார்க்கும் ஆசிரியர்களுக்கு வாழ்த்துகள்.